டப்பாவில் விழாத கல்

இடிந்த கோட்டையின் வாசலில் இருபத்தாறு வருடம் காவல் இருந்தவரை எல்லோரும் விசில்காரர் என்றுதான் அழைப்பார்கள். ஒருவர் உள்ளே போனால் தகர டப்பாவில் ஒரு கூழாங்கல்லைப் போடுவார். வெளியே வந்தால் ஒன்றை எடுப்பார். மூடும் நேரத்தில் கல் மிச்சம் இருந்தால் விசில் ஊதுவார். மதிலோரம் மெய்மறந்து நிற்பவர்கள் இறங்கி வருவார்கள். டப்பா காலியென்றால் விசிலுக்கு வேலையில்லை. பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

உலகமே வந்து பார்க்கும் கோட்டையை அவர் மனைவி மட்டும் பார்த்ததில்லை. "ராஜா கோட்டையில இருக்காரு, ராணி தண்ணிக் குழாயடியில வரிசையில நிக்கிறா" என்று குத்திக் காட்டுவாள். இடிந்த சுவர்தானே, நம் சமையலறையிலேயே இருக்கிறதே என்று அவர் மழுப்புவார். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனது.

பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் மதியம் தானே வந்து நின்றாள். பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல உடையை உடுத்தியிருந்தாள். பார்த்துவிட்டு அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கிக் காலையில் வருவதாகச் சொன்னாள். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. மெதுவாக ஏறி மேற்கு ஜன்னலில் உட்கார், ஆறு தெரியும் என்றார் அவர்.

"விசில் ஊதினதும் இறங்கி வா. அவசரப்படாத."

"ஊதுற வரைக்கும் அசைய மாட்டேன். ஆமா, எனக்குக் கல்லு போடலையா?"

"வீட்டு ஆளுக்கு எதுக்குடி கல்லு?"

அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

மாலையில் மழை பிடித்தது. உள்ளே இருந்த பள்ளிக்கூடக் கூட்டம் ஒரே நெரிசலாக வெளியே ஓடிவந்தது. அவர் கல்லை எடுத்து மாளவில்லை. அந்தக் கூட்டத்தோடு அவளும் அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். டப்பாவைப் பார்த்தார். காலி. கண் பார்த்ததைக் கை செய்து பழகியிருந்தது. பூட்டினார்.

மறுநாள் காலை அவர் கதவைத் திறக்கும்போது அவள் அக்கா குடையோடு வந்து, வருவதாகச் சொன்ன தங்கச்சி ராத்திரி ஏன் வரவில்லை என்று கேட்டாள். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். அந்தச் செங்குத்துப் படிகளில் அவர் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

ஜன்னலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. ஈரக் குளிரில் மூச்சு நின்றுபோயிருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் விசில்காரரைக் கொன்றுபோட்டது அவள் செருப்புதான். கழற்றி வைத்தது வைத்தபடி ஜோடியாக இருந்தது. இறங்கிப் பார்க்கலாம் என்று காலைக்கூட அதில் நுழைக்கவில்லை. விசில் வரும் என்றே இருந்திருக்கிறாள்.

அதன்பிறகு நான்கு வருடம் வேலை பார்த்தார். டப்பா காலியாக இருந்தாலும் தினமும் மாலை நீளமாக ஊதினார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டாலும் ஊதுவதை நிறுத்தவில்லை. மேலே மட்டும் ஏறவே இல்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் டிக்கெட் வாங்க வந்து நின்றார். அவர் இடத்துக்கு வந்திருந்த பெண் பதறிப்போனாள்.

"உங்களுக்கு எதுக்குங்கய்யா டிக்கெட்டு, கல்லெல்லாம்? நீங்க நம்ம வீட்டு ஆளு."

அவர் முகம் கறுத்தது. குவியலிலிருந்து இரண்டு கற்களைப் பொறுக்கித் தன் கையாலேயே டப்பாவில் போட்டார்.

"ரெண்டு பேரும்மா. மறக்காம ஊதிடு."

ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். ஜன்னலில் பாதி இடம் விட்டு உட்கார்ந்தார். ஆறு நன்றாகத்தான் தெரிந்தது. வெயில் சாய்ந்தது. கீழே விசில் ஒலித்தது.

"ஊதிட்டாங்கடி" என்றார் பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்து. "வா, போலாம்."

அவர் தனியாக இறங்கி வந்தார். தலை குனிந்தபடி வாசலைத் தாண்டிப் போனார். அந்தப் பெண் ஒரு கல்லை எடுத்தாள். டப்பாவில் இன்னும் ஒன்று கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, விசிலை மறுபடி வாயில் வைத்தாள்.