அமாவாசையில் ஓடிய தறி

இரண்டாயிரமாவது வருடம் பிறந்து மூன்று, நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். ஆரணியில் பட்டுத் தறி நெய்துகொண்டிருந்தேன். இன்றும் அதே வேலைதான். எங்கள் ஊர் டாக்டர் ஒருவர், புற்றுநோய் வந்த ஏழைகளின் வைத்தியத்துக்கு நிதி திரட்ட, ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு வழியாகப் புதுச்சேரி வரைக்கும் ஒரே நாளில் சைக்கிள் பயணம் போகலாம் என்று கிளப்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

காரணம் என் அண்ணி. இடது மார்பில் வந்த கட்டியை வெட்கப்பட்டு ஒரு வருடம் மறைத்து வைத்திருந்தார். வீட்டில் தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. தறியில் பாதிப் புடவை நிற்கும்போதே போய்ச் சேர்ந்தார்.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கணக்கெல்லாம் கிடையாது. அமாவாசைதான் விடுமுறை. அன்று எந்த வீட்டிலும் தறியில் உட்கார மாட்டார்கள். அதனால் கார்த்திகை, மார்கழி அமாவாசைகளில் ஒத்திகை, தை அமாவாசையில் பயணம் என்று முடிவானது.

கார்த்திகை அமாவாசையன்று விடிவதற்கு முன்பே நானும் என் மச்சானும் முள்ளிப்பட்டு பக்கமாக மிதித்துப் போனோம். நல்ல பனி. முன்னால் போகிற மச்சானின் முதுகே தெரியவில்லை. ஒரு தெருமுனையில் என் சைக்கிள் செயின் கழன்றது. அங்கிருந்த டியூப்லைட் வெளிச்சத்தில் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தறிச் சத்தம் கேட்டது.

அமாவாசையில் தறியா? நிமிர்ந்து பார்த்தேன். சின்னத் தெரு, ஆறேழு வீடுகள். எல்லாக் கதவிலும் பூட்டு. மலையனூர் அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருப்பார்கள், எங்கள் பக்கம் அது வழக்கம். சத்தம் கடைசி வீட்டிலிருந்து வந்தது. அந்தக் கதவும் வெளியே பூட்டியிருந்தது.

அதைவிட என்னை உலுக்கியது அந்தச் சத்தத்தின் தாளம். தறியில் வலக்கை கயிற்றை இழுத்தால் ஊடுநூலோடு நாடா குறுக்கே ஓடும். உடனே இடக்கை பலகையை இழுத்து அடிக்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். இங்கே நாடா சர்ரென்று ஓடியது. அடி விழவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற அளவுக்கு மௌனம். அப்புறம் மெதுவாக ஓர் அடி. திரும்ப நாடா, திரும்ப மௌனம்.

என் அண்ணி கடைசி மாதங்களில் அப்படித்தான் நெய்தார். இடது கையைத் தூக்க முடியாமல்.

எப்படிச் சைக்கிளில் ஏறினேன், எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. மச்சானிடம் சொன்னேன். அவன் எதையும் கிண்டல் செய்கிற ஆள். "உங்க அண்ணி பாக்கிப் புடவையை முடிக்க வந்துகினு இருக்காங்க போல" என்றான். சொன்னவன் மறந்துவிட்டான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நான் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன். பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் ஏறி மிதிப்பேன். ஊருக்குத்தான் உபதேசம். மார்கழி அமாவாசையில் என்னை நானே சோதித்துப் பார்க்கிற வீம்பில் தனியாக அதே தெருமுனைக்குப் போனேன். டியூப்லைட்டின் கீழே நின்றேன். அதே சத்தம், இடைவெளி மட்டும் இன்னும் நீண்டிருந்தது. நான் நாலு அடி எடுத்து வைத்ததும் தறி சட்டென்று நின்றது. உள்ளிருந்து எதுவோ என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. சைக்கிளைத் திருப்பி மிதித்தேன் பாருங்கள், அந்த வேகத்தில் போயிருந்தால் புதுச்சேரிக்கு மூன்று மணி நேரத்தில் சேர்ந்திருப்பேன்.

தை அமாவாசை வந்தது. இருபது பேர் கிளம்பினோம். டாக்டர் பின்னால் ஜீப்பில் வந்தார். முதலில் சுற்றியுள்ள நெசவு கிராமங்களில் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுப்பது, பிறகு சேத்துப்பட்டு ரோட்டைப் பிடிப்பது என்று ஏற்பாடு. வலிக்காத கட்டியானாலும் மறைக்காதீர்கள், வெட்கப்படாதீர்கள் என்று அந்த நோட்டீஸில் இருந்தது. முள்ளிப்பட்டில் ஜீப்பிலிருந்து மைக்கில் அதைப் படித்துக்கொண்டே போனார்கள். அந்தத் தெருவுக்கு வந்தபோது டாக்டர் யார் போகிறீர்கள் என்று கேட்டார். நான்தான் முந்திக்கொண்டு, அங்கே ஒருவரும் இல்லை, எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, நேரம் வீண் என்றேன். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தான். எல்லாரும் தாண்டிப் போனார்கள்.

நான் கடைசி ஆள். தெருமுனையைக் கடக்கும்போது செயின் கழன்றது. பழைய செயின், மாற்றச் சொல்லி எல்லாரும் சொல்லியிருந்தார்கள், என் சோம்பேறித்தனம்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் எதுவோ என் காலைப் பிடித்து நிறுத்தியதாகவே நினைத்தேன். மைக் சத்தம் பனிக்குள் தேய்ந்து போனது. நாடா ஓடியது. நான் எண்ணினேன். ஆறு வரைக்கும் எண்ணியும் அடி விழவேயில்லை.

அப்புறம் பூட்டிய வீட்டின் ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணா, அந்த பேப்பர் ஒண்ணு இங்க குடுத்துட்டுப் போங்க."

ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை நீண்டிருந்தது. வலது கை. எப்படியோ கிட்டே போய் நோட்டீஸை நீட்டினேன். உள்ளே மங்கலான பல்பு. என் தங்கை வயதில் ஒரு பெண். இடது கை தோளிலிருந்து வீங்கி, மஞ்சள் பற்றுப் போட்டு, துணியில் கட்டித் தொங்கியது. அவள் நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடித்து என்னைப் பார்த்தாள்.

"போன அமாவாசைக்கும் நீங்கதான் அந்த லைட்டுக்குக் கீழ நின்னுகினு இருந்தீங்க. கூப்புடலாம்னு தறிய நிறுத்திட்டு எழுந்தேன். அதுக்குள்ள போயிட்டீங்க."

அவளே மெதுவாகச் சொன்னாள். மார்பில் கட்டி வந்து எட்டு மாதம் ஆகிறது. காத்து கருப்பு வேலை என்று யாரோ சொன்னதை நம்பி, மூன்று அமாவாசை மலையனூர் போவதாக அவள் புருஷன் வேண்டிக்கொண்டிருக்கிறார். பஸ் குலுக்கலில் கை வலி உயிர் போகிறது என்று அவள் மட்டும் நின்றுவிடுவாள். வீட்டில் தனியாக இருப்பவளுக்குக் காவலாக வெளியே பூட்டு. புழக்கடைக் கதவு அவள் கையில். கை இப்படி ஆனதில் நெசவு பின்தங்கிப் போயிருந்தது. விடுமுறை நாளில் நெய்கிறாளே என்று திட்டுவதற்குத் தெருவில் ஆள் இல்லாததால் அமாவாசையிலும் நெய்தாள்.

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஜீப்பின் பின்னால் ஓடினேன். டாக்டர் புழக்கடை வழியாகப் போய்ப் பார்த்தார். வெளியே வந்தவர் என்னிடம், "ஒருத்தரும் இல்லன்னு சொன்னியே" என்று மட்டும் கேட்டார். பயணம் என்னை விட்டுவிட்டுப் போனது. மறுநாள் காலை அவள் புருஷன் விபூதியும் எலுமிச்சம்பழமுமாக வந்து இறங்கும்வரை அங்கேயே இருந்தேன். அந்த ஆள் முதலில் கோபப்பட்டார், பிறகு அழுதார். அடுத்த பஸ்ஸிலேயே மூவரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு, மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அங்கே சொன்னதை அவள் புருஷன் சாதாரணமாக என்னிடம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நான்கு வருடம் நன்றாக இருந்தாள். ஒரே தறியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கயிற்றை இழுக்க அவர் பலகையை அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். இடைவெளி இல்லாமல் அழகாகச் சத்தம் வரும். ஐந்தாம் வருடம் நோய் திரும்பி வந்தது. அதோடு போய்விட்டாள்.

இன்றும் சில அமாவாசைகளில் விடியும் முன் விழித்துக்கொள்கிறேன். துணி போர்த்திய என் தறிப் பக்கமிருந்து நாடா ஓடுகிற சத்தம் கேட்கிறது. அடி எப்போது விழும் என்று எண்ணிக்கொண்டே படுத்திருக்கிறேன். பயமில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது. வலியோடு ஒருத்தி நெய்தால் தறி எப்படிச் சத்தம் போடும் என்று எங்கள் ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். அதைக் கேட்டு இரண்டு தடவை திரும்பி ஓடியவனும் நானே.