புளி போட்டுத் தேய்த்த சீனக் காசும் பூந்தமல்லிப் பயணமும்

பழைய காசு அசலா என்று பார்க்கப் பூந்தமல்லி போக நினைப்பவர்களுக்காக இதைப் போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா இருமினால் நிறுத்திவிடுவேன்.

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பினாங்குக்குப் போன மாமா அம்மாவுக்கு அனுப்பியவை ஐந்து சீனக் காசுகள், நடுவில் சதுர ஓட்டை. அதன் பிறகு கடிதமே இல்லை. "உன் தம்பி பினாங்கே போகல. பொருட்காட்சியில வாங்கின பொம்மைக் காசு" என்பார் அப்பா, அம்மாவிடம். சீனச் சண்டைக்குப் பிறகு, அவர் வேலை செய்யும் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அவை இருக்கவே கூடாது என்றார். தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொல்லி அம்மா அரிசி டின்னில் ஒளித்தாள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கறுத்திருந்ததால், விளக்குத் தேய்ப்பதுபோல் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று ஆக்கினேன்.

ஆவடியிலிருந்து பஸ்ஸுக்கு இருபது நயா பைசா. பருத்திப்பட்டு தாண்டும்வரை தெரிந்தவர் யாராவது ஏறுவார்களோ என்று தலை நிமிரவில்லை.

பூந்தமல்லியில் பழைய காசு சேர்ப்பவர் ஒருவர் கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறார். பார்த்ததும் சிரித்தார்.

"இன்னாம்மா இது, குத்துவிளக்கா? புளி போட்டு தேச்சிகினு வந்துகீறே!"

"ரெண்டு நாள் ஊறுகாய் ஜாடில போட்ருந்தா இன்னும் ஷோக்கா இருந்திருக்கும், அண்ணாத்தே" என்றார் பக்கத்தில் நின்றவர்.

எனக்கு அழுகை வந்தது. கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டினார்.

"அசல்தாம்மா. வார்த்த காசு, ஓரத்துல அரம் போட்ட கோடு கீது பார். மேலயும் கீழயும் ராஜா பேரு. வலது, இடது பக்கத்து எழுத்துக்கு, செல்லுற காசுன்னு அர்த்தம். பின்னால வார்த்த எடம். எழுத்து தேயல. அந்தக் கறுப்போட வந்திருந்தா முதல் தரம். இப்போ கடைசித் தரம்."

"பொருட்காட்சியில கிடைக்குமா?"

"இதுவா? பினாங்கு, ரங்கூன்னு கப்பல்ல போனவங்க கொண்டாந்தாதான் உண்டு."

திரும்பும் பஸ்ஸில் காசை உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன். நீங்கள் போனால் காசைத் துணியில் சுற்றி, இருக்கிறபடியே கொண்டுபோங்கள். ஓரத்தைப் பிடித்துக் காட்டுங்கள். கறுப்பைத் தொடாதீர்கள், அது அழுக்கு இல்லை.

மாமா பொய் சொல்லவில்லை. அம்மா அடுத்த அறையில் தூங்குகிறாள். அவளிடம் இதைச் சொல்ல வேண்டுமானால், நான் தேய்த்துப் பளபளப்பாக்கிய இந்தக் காசைக் காட்ட வேண்டும்.