பந்துக்குள் வைத்த சலங்கை

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது திருச்சியில் ஒரு நூல் மில்லில், பேக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எடமலைப்பட்டி புதூரில் குடியிருந்தோம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்தில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மில்லுக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. வெளியூர்களிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களாகப் பார்த்துக் கொண்டுவந்து, பேருக்கு ஒரு பிரிவில் வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அப்படி எங்கள் பிரிவில் ஒருவர் இருந்தார். கோலார் பக்கத்துக்காரர். கோலுக்கு முன்னால் ‘பேக்’ நின்று எதிராளியைத் தடுப்பவர், அதனால் பேக்காரர் என்றே கூப்பிடுவோம். காலையில் கையெழுத்துப் போட்டால் மைதானத்துக்குப் போய்விடுவார். நாங்கள் மூட்டை கட்டி முதுகு ஒடிவோம். அவர் பந்தை உதைத்துச் சம்பளம் வாங்குவார். அவர்மேல் எனக்கு உள்ளூரப் பொறாமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த அணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பயிற்சி முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஒரு வாரம் அனாதை விடுதி, ஒரு வாரம் பெரியாஸ்பத்திரி, மற்ற வாரமெல்லாம் பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகளோடு பந்து விளையாடிவிட்டு வருவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பள்ளிக்காகவே டிக்கெட் போட்டு ஒரு மாட்ச் ஆடுவார்கள். அந்தப் பள்ளியின் பேச்சு வந்தாலே நான் எழுந்து போய்விடுவேன்.

காரணம் உண்டு. என் மகளுக்கும் பார்வை கிடையாது. இரண்டு வயதில் அம்மை வந்து இறங்கியபோது கண்ணையும் கொண்டுபோய்விட்டது. மில்லில் ஒருவருக்கும் இதை நான் சொன்னதில்லை. அம்மன் எடுத்த கண்ணை அம்மனே தருவாள் என்று நம்பினேன். வருஷம் தவறாமல் சமயபுரத்துக்கு நடந்துபோய் வெள்ளிக் கண்மலர் சாத்தினோம். ஏழு வருஷம் போய்விட்டது. பள்ளியில் சேர்க்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். எனக்கோ ஒரு பயம். அந்தப் பள்ளியில் சேர்த்தால், இவளுக்குக் கண் வராது என்று நாங்களே முடிவு கட்டியது போல் ஆகிவிடும், அம்மன் கைவிட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கல் தடுக்கும், மாடு முட்டும் என்று சொல்லி அவளை வாசல்படி தாண்ட விட்டதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை சுவரோரமாகவே உட்கார்ந்திருக்கும்.

அந்த வருஷ மாட்சுக்கு ஒரு வாரம் முன்பு, பேக்காரர் கிழிந்த பந்துத் தோல் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். காற்றடிக்கும் பந்து ஓடினால் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதாம். அதனால் உள்ளே கழிவுப் பஞ்சை அடைத்து, நடுவில் சலங்கை வைத்துத் தைக்க வேண்டுமாம். போன வருஷம் அவரே அடைத்தது நாலு உதையில் சப்பையாகிவிட்டதாம். “அழுத்திக் கட்டுறதுல உங்க கை மாதிரி யாருக்கும் வராதுண்ணே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சலங்கையைத் தோலுக்குள் வைத்து உதைப்பதா, பாவமில்லையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“சாமி சலங்கை இல்லண்ணே, மாட்டுக்குக் கட்டுறது. மாடு அதைச் சாணியில போட்டுப் புரட்டுது. பிள்ளைங்க கால் அதைவிட மோசமா?”

பந்துத் தோலைக் கையில் வாங்கிக்கொண்டேன். பெரிய கடை வீதிக்குப் போய் நானே நல்ல சத்தமாகப் பார்த்து ஆறு சலங்கை வாங்கி வந்தேன். மில்லில் வேலை நேரத்தில் செய்ய முடியாதே. சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோய் அடைத்துத் தைத்தேன். தோல் பொருள் என்பதால் வீட்டுக்குள் வைக்காமல் கொல்லையில் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனேன்.

காற்றோ, பூனையோ, பந்து உருண்டு கீழே விழுந்தது. ஜல்லென்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தால் மகள் கொல்லை வாசலில் நிற்கிறாள். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு நேராகப் பந்திடம் போனாள். குனிந்து தடவினாள், உருட்டிவிட்டாள். அது சத்தம் போட்டுக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே ஓடினாள். அவள் ஓடி அதுவரை நான் பார்த்ததே இல்லை. வேலியில் முட்டி விழுந்தாள். நான் கத்திக்கொண்டு போவதற்குள் எழுந்து மறுபடி உருட்டிவிட்டாள். முழங்காலில் ரத்தம். முகத்தில் சிரிப்பு. என் மனைவி குடத்தை இடுப்பில் வைத்தபடியே அசையாமல் நின்றுவிட்டாள்.

பந்தை வாங்கிப் போக அந்த நேரம் பார்த்துத்தான் பேக்காரர் வந்தார். கொல்லைப் பக்கம் எட்டி, அவள் ஓடுவதைப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாள் மறைத்தது அவர் கண்ணில் பட்டுவிட்டதே என்று தலை குனிந்தேன். அவர் பந்தை வாங்கிக்கொண்டார். போகும்போது, “நாளைக்கு மாட்சுக்கு அவளையும் கூட்டிட்டு வாங்கண்ணே” என்று மட்டும் சொன்னார்.

வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. நேர்த்திக்கடன் இருக்கிறதே என்று மனைவியிடம் சொன்னேன். என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவள் அன்று பேசினாள்.

“கண்ணை அம்மன் எடுத்துக்கிட்டா, சரிங்க. காலை யார் எடுத்தா? அதைக் கட்டிப் போட்டது நாமதானே?”

மறுநாள் மூவரும் போனோம். மைதானம் நிறைய மில் ஆட்கள். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம். அணித் தலைவர் தகரக் குழாயை வாயில் வைத்து, சலங்கைச் சத்தம் கேட்டால்தான் பிள்ளைகள் ஆட முடியும், தயவுசெய்து யாரும் விசில் அடிக்க வேண்டாம், கை தட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் மில் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். சாமி ஊர்வலத்திலேயே வாய் மூடாதவர்கள். ஆனால் அன்று அத்தனை பேரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். மைதானம் முழுவதும் அந்தச் சலங்கைச் சத்தம் மட்டும்தான்.

ஆட்டக்காரர்கள் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு இறங்கினார்கள். எங்கள் பேக்காரரைத் தாண்டி ஒருவரும் பந்தைக் கொண்டுபோக முடியாது என்று ஊரெல்லாம் பேசும். அவர் கோல் கம்பத்தை ஆள் என்று நினைத்துக் கட்டிப்பிடித்தார். ஜனங்கள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளைகளோ சத்தம் வரும் திசைக்கு அம்பு போலப் போனார்கள்.

பள்ளி ஆசிரியர் ஒருவர் கோல் ஊன்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். அவருக்கும் பார்வை இல்லை. மகளின் கையைப் பிடித்து, “ஓடிப் பழக்கம் உண்டாம்மா?” என்று கேட்டார்.

“நேத்து ஓடினேன்” என்றாள் அவள்.

அவர் அவளை உள்ளே அழைத்துப் போனார். கடைசிவரை பந்தை ஒரு தடவைகூட அவள் தொடவில்லை. ஆனால் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓடிக்கொண்டே இருந்தாள்.

அந்த டிக்கெட் பணத்தில் பள்ளி விடுதிக்கு ஓர் அறை கட்டப் போகிறார்கள் என்றும், ஜூன் மாதம் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள் என்றும் பேக்காரர் சொன்னார். எனக்கு ஆசை வந்துவிட்டது. பயமும் போகவில்லை. அம்மனிடம் பூப் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். “கேளுங்கண்ணே” என்றார். எங்கள் நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மூவரும் சமயபுரத்துக்கு பஸ் ஏறினோம். ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் போகும்போது, எதைக் கேட்பது என்று மனைவியிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வெள்ளை மல்லிகை வந்தால் சேர்ப்பது, சிவப்புச் செம்பருத்தி வந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. மகள் என் மடியில் தூங்குவதாக நினைத்தேன்.

பூசாரி மல்லிகையை ஒரு பொட்டலமாகவும் செம்பருத்தியை ஒரு பொட்டலமாகவும் வாழையிலையில் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி அம்மன் காலடியில் போட்டார். அதை ஒரு குழந்தைதான் எடுக்க வேண்டும். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். என் மனைவி மகளை முன்னால் தள்ளிவிட்டாள். அவள் குனிந்து இரண்டையும் தடவிப் பார்த்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். ஒன்றை எடுத்து நீட்டினாள். பிரித்தால் மல்லிகை. நான் அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் காதருகே வந்து, “செம்பருத்திக்கு வாசனையே இல்லப்பா” என்றாள்.

இலையில் மடித்தது கண் உள்ளவர்களுக்குத்தான் மறைவு. அவளுக்கு அதில் என்ன மறைவு? மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாகக் காவிரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது செல்லாது, இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று முதலில் கோபம்தான் வந்தது. மன்னார்புரத்தில் இறங்குவதற்குள் அந்தக் கோபம் போய்விட்டது. மல்லிகைக்கு வாசனை கொடுத்ததும் அம்மன்தானே?

ஜூனில் பள்ளி விடுதியிலேயே சேர்த்துவிட்டோம். முதல் மாதம் என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. பேக்காரர் ஞாயிறு பள்ளிக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை கையெழுத்துப் போட வரும்போது எனக்குச் சேதி கொண்டுவருவார். விரலால் தடவிப் புள்ளி எழுத்துப் படிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், நேற்று என் காலிலேயே உதைத்துவிட்டாள் என்று நொண்டிக் காட்டுவார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போவதை அதற்குப் பிறகு நான் பொறாமையோடு பார்த்ததில்லை. வருஷா வருஷம் அந்தப் பந்தை அடைத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று.

இன்று என் மகள் அதே போன்ற ஒரு பள்ளியில் ஆசிரியை. நான் இப்போதும் சமயபுரம் போகிறேன், எல்லாவற்றையும் அம்மனிடம்தான் கேட்கிறேன். ஆனால் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட காரியம் என்றால், முதலில் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புகிறேன்.