எதிர்ப்பு: ஒருவர்

எங்கள் மீனவக் குப்பத்தில் ஊர்த் தலைவர் பேசி உட்கார்ந்துவிட்டால் ஊரே பேசி முடித்ததாக அர்த்தம். அதற்குப் பிறகு இன்னொருத்தர் எழுந்தால், தலைவர் பேச்சில் நம்பிக்கை இல்லை என்றாகிவிடும். அந்த அவமரியாதையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அப்போது தலைவராக இருந்தவர் என் தாய்மாமா.

2010 வாக்கில் நான் சிதம்பரத்தில் குடியிருந்தேன். தினமும் பஸ் பிடித்துக் கடலூருக்குப் போய் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராக வேலை பார்த்தேன். கடலோரத்தில் வரவிருந்த ஒரு மின் நிலையம், சுடுதண்ணீரைக் குழாய் வழியாகக் கடலில் விட அனுமதி கேட்டிருந்தது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள்.

எங்கள் ஊரிலிருந்து மூன்று வேன் நிறைய வந்திருந்தார்கள். மாமா நன்றாகத்தான் பேசினார். "கரையோரத் தண்ணி சுட்டுச்சுன்னா எறா நிக்காது, மீனு நிக்காது. நாங்க எங்க போறது? எங்களுக்கு இது வேணாம்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஊர் தலையாட்டியது, அவ்வளவுதான். வேலை கிடைக்கும் என்று வந்திருந்த வெளியூர்க்காரர்களோ ஒருவர் விடாமல் மைக்கைப் பிடித்தார்கள். இரண்டு வரி கோவையாகப் பேசத் தெரியாத ஆள்கூட "நான் வரவேற்கிறேன்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அறிக்கை அடிக்கும்போது கண்காணிப்பாளரிடம் சொல்லிப் பார்த்தேன். "சார், அவரு ஊருக்காகப் பேசினாரு."

"எத்தினி பேரு மைக்ல பேசினாங்க? அத மட்டும் அடிம்மா."

எதிர்ப்பு: ஒருவர். அடித்தேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறு காரணம் கிடையாது.

அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அந்த அறிக்கையின் ஜெராக்ஸோடு என் வீட்டுக்கு வந்து, படிக்கச் சொன்னார். படித்தேன்.

"மத்தவங்க பேரெல்லாம் எங்க பாப்பா?"

"நீங்க பேசினப்புறம் வேற யாரு மாமா பேசுவாங்க? ஒருத்தர்தான் எதிர்த்தாங்கன்னு கணக்கு வெச்சிட்டாங்க."

'வெச்சிட்டாங்க' என்றுதான் என் வாயில் வந்தது. மாமா காகிதத்தை வாங்கி நாலாக மடித்தார்.

"அப்ப நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, ஊரு பேசியிருக்கும்."

ஊருக்காகப் பேசினார் என்று நான் ஒரு வரி சேர்த்து அடித்திருக்கலாம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த ஊர்க்கூட்டத்தில் அவர் தலைவர் பதவியை விட்டுவிட்டார்.