உள்ளே நான்கு, வெளியே மூன்று

அந்த அக்காவை நான் முதலில் சந்தித்தது, அவர் என்னை வாசலோடு திருப்பி அனுப்பிய அன்றுதான்.

செவ்வாய்க் கிரகத்துக்குப் போகவிருந்த விண்கலத்தைப் பூட்டிச் சேர்க்கும் தூய்மை அறையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அது ஊர் முழுக்கத் தெரியும்படி பார்த்துக்கொண்டவனும் நான்தான். உடை மாற்றும் கூடத்தில் அந்த அக்கா என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"பவுடரா? கழுவிட்டு வாங்க தம்பி. உள்ள யாரும் மாப்பிள்ளை பார்க்க வரலை."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. காலைக் கழுவிவிட்டு வா என்று வகுப்பு வாசலில் என்னை மட்டும் நிறுத்திவைத்த ஒரு வாத்தியார் உண்டு. அந்த ஞாபகம் வந்துவிட்டது.

அவர் வேலை, உள்ளே போகிறவர்களுக்கு வெள்ளை உடை மாட்டிவிடுவது, தரையையும் கலம் நிற்கும் மேடையையும் துடைப்பது, எல்லாவற்றையும் எண்ணுவது. ஆளுக்கு நான்கு கையுறை, ஒவ்வொரு கைக்கும் இரண்டு அடுக்கு. வெளியே வரும்போதும் நான்கு இருக்க வேண்டும். பென்சிலால் நோட்டில் குறித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். நாங்கள் வைத்த பெயர் எண்ணிக்கை அக்கா. செவ்வாயில் உயிர் உண்டா என்று தேடப் போகிற கலம் அது. நம் கிருமியையே அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்கக் கூடாது. அக்கா இதைச் சுருக்கமாகச் சொல்வார்: அடுத்த வீட்டுக்குப் போறப்ப நம்ம வீட்டு எறும்பையுமா கூட்டிட்டுப் போவோம்?

வீட்டில் அவர் பிள்ளைகளிடம், அந்தக் கலத்துக்குக் கடைசியாகக் கதவைச் சாத்துவது தான்தான் என்று சொல்லியிருந்தாராம். அவருக்கு அந்த அறைதான் பெருமை.

ஒருநாள் அம்மா போனில் கேட்டாள், "அதை நீ தொட்டிருக்கியாப்பா?"

"தினமும்மா. கையுறை போட்டுக்கிட்டு."

"அப்ப தொடலைன்னு சொல்லு."

அது மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. மறுநாள் கலத்தின் மூன்றாம் காலுக்குக் கீழே குனிந்திருந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. வலக்கைக் கையுறைகளைக் கழற்றி, உள்ளங்கையை அந்த உலோகத்தில் வைத்தேன். சில்லென்றிருந்தது. வேறொரு கிரகத்து மண்ணில் நிற்கப் போகும் கால். எங்கள் தெருவில் எவனும் தொட்டிருக்க மாட்டான் என்றுதான் அப்போது நினைத்தேன். திரும்ப மாட்டும்போது ஒன்று கிழிந்தது. கிழிந்ததை உடைக்குள் செருகிக்கொண்டேன்.

வெளியே அக்கா இரண்டு முறை எண்ணினார். ஒன்று குறைகிறது என்றார். நான் சிரித்தேன்.

"எனக்கும் எண்ணத் தெரியும்க்கா. அதுக்குத்தான் காலேஜ் போனேன்."

அவர் நோட்டில் மூன்று என்று எழுதினார்.

அந்த வாரம் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்த மாதிரிகளில், மூன்றாம் காலில் மட்டும் கிருமிகள் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல இருபது மடங்கு இருந்தன. தலைமைப் பொறியாளர் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா நோட்டைத் திறந்து, "தம்பிகிட்ட ஒரு கையுறை குறைஞ்சது சார்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிராமத்துப் பையனுக்குச் சுத்தம் தெரியவில்லை என்று எங்கே சொல்லிவிடுவார்களோ என்று என் காது சூடேறியது.

"அக்கா எண்ணினதுல தப்பு வந்திருக்கும் சார். அன்னைக்கு அந்த மேடையைத் துடைச்சதும் அவங்கதான்."

அவர் துடைத்தது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் பொய் சொன்னேன். என் பட்டத்தை நம்பினார்கள். பென்சில் நோட்டை நம்பவில்லை. அக்காவைக் கீழ்த்தளத்துச் சலவை அறைக்கு மாற்றினார்கள். போகும்போது அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்து வந்த பெண்ணிடம் நோட்டைக் கொடுத்து, எண்ணும் முறையைச் சொல்லிவிட்டுப் போனார்.

கலத்தின் மூன்றாம் காலை மறுபடி சுத்தம் செய்தார்கள். கலம் போனது, எட்டு மாதத்தில் இறங்கியது. முதல் படத்தில் சிவப்பு மண்ணில் அந்த மூன்றாம் கால் தெரிந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள், அன்றிலிருந்து என் மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்திருந்த கிழிந்த கையுறையை எடுத்துப்போய்த் தலைமைப் பொறியாளர் முன்னால் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, என்னை ஆறு மாதம் அறைக்குள் விடுவதில்லை என்றும், அக்காவைத் திரும்பக் கூப்பிடுவதாகவும், அவரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

சலவை அறையில் அக்கா உடைகளை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது கையுறையைத்தான்.

"அப்ப நாலாவது உங்ககிட்டயே இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இத்தனை மாசமா வீட்ல அரிசி டம்ளரைக்கூட ரெண்டு தடவை எண்ணிட்டு இருக்கேன் தம்பி."

மேலே கூப்பிடுகிறார்கள் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

"எண்ணிச் சொன்னா நம்பணும். நம்பாத இடத்துல நான் என்னத்தை எண்ண?"

அவர் இப்போதும் கீழ்த்தளத்துச் சலவை அறையில்தான் வேலை செய்கிறார். நான் மறுபடி தூய்மை அறைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். நான் போடும் வெள்ளை உடையை மடித்து அனுப்புவது அவர்தான்.