கிணற்றுக்கு மேல் ஒரு குசினி

எங்கள் வீட்டில் ஜின் குடியிருக்கிறது என்பதை நான் ஓர் ஓட்டோக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கல்முனைச் சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு ஏறியிருந்தேன். போகிற இடத்தைச் சொன்னதுமே கதையைத் தொடங்கிவிட்டார்.

"அந்த முடுக்குல புதுசாக் கட்டின வீடு ஒண்டு இரிக்கி, ராத்தா. பழைய கிணத்த மூடிட்டு அதுக்கு மேல குசினியப் போட்டிரிக்காங்க. பொழுதுபட்டு மஃரிபு நேரத்துல உள்ளுக்க ஆரோ தண்ணி அள்ளுற சத்தம் கேக்குமாம். கப்பி உருளுறது றோட்டுக்கே கேக்குமாம்."

"நீங்க கேட்டிரிக்கீங்களா?"

"நான் கேக்கல்ல. கேட்டவங்க செல்லித்தான் தெரியும்."

"அந்த வீட்டு வாசல்லதான் என்ன இறக்கணும்" என்றேன். மனிதர் முடுக்கு வாயிலேயே நிறுத்திவிட்டார். அரிசிப் பையைச் சுமந்துகொண்டு நடந்தேன். வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கிணறு இருந்தது உண்மைதான். சுனாமிக்குப் பிறகு அதன் தண்ணீர் உப்பாகிவிட்டது, வாயில் வைக்க முடியாது. பைப் தண்ணீர் வந்ததும் மண் போட்டு மூடி, அதன் மேல் சமையலுக்குக் குசினி கட்டினோம். கப்பியைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார். இல்லாத கப்பி எப்படி உருளும் என்று ஒருவராவது யோசிக்க வேண்டாமா?

வேறு ஊர்க்காரர்களாயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண், கணவன் வீட்டுக்குப் போவதில்லை. பெண்ணுக்குக் கொடுக்கிற வீட்டுக்கு மாப்பிள்ளைதான் வந்து வாழ வேண்டும். என் கணவர் கட்டாரில் வெயிலில் வெந்ததெல்லாம் எங்கள் ஒரே மகளுக்கு இந்த வீட்டைக் கட்டத்தான். வீட்டுக்குக் கெட்ட பெயர் வந்தால் அது நேரே அவள் தலையில்தான் விழும்.

விழுந்தது. முதலில் பேசி வந்தவர்கள் எல்லாம் பிடித்துப்போய், நாள் குறிக்கிற கட்டத்தில், "இப்ப அவசரமில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டால் மழுப்பல். காரணம் ஊருக்கே தெரியும்.

ஊர் வாயை அடைக்கலாம் என்று ஒரு வேலை செய்தேன். மௌலவி ஒருவரைக் கூப்பிட்டு வீட்டில் ஓத வைத்தேன். அவரும் ஓதி முடித்து, "ஒண்டுமில்ல, சும்மா மனசப் போட்டுக் குழப்பாதீங்க" என்று சொல்லி, பாலோடப்பம் தின்றுவிட்டுப் போனார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"ஒண்டுமில்லாட்டி ஏன்கா ஓத ஆள் கூப்பிட்ட?"

கட்டாரிலிருந்து கணவரும் அதையேதான் கேட்டார். ஓதாமல் விட்டிருந்தால், ஓதாமல் கிடக்கிற வீடு என்றிருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குத்தான் அடி.

மகள் மட்டும் சிரிப்பாள். ஒலுவில் கம்பஸில் விஞ்ஞானம் படித்தவள். "ஜின்னுக்குச் சட்டி கழுவத் தெரியுமெண்டா நல்லம், உம்மா" என்று பகிடி விடுவாள். அந்தப் பகிடியில்தான் நான் நிமிர்ந்து நின்றேன் என்று சொல்ல வேண்டும்.

போன மாதம் இன்னொரு இடம் வந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தார்கள். நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் தாய் அறைகளையெல்லாம் பார்த்துவிட்டுக் குசினி வாசலில் நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை. நிலத்து மாபிள் கல்லைக் கண்ணால் அளந்தபடி, "இதுக்குக் கீழதானா?" என்றார்.

"ஓம், இதுக்குக் கீழதான். மண்ணு போட்டு இறுக்கின கிணறு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மஃரிபு பாங்குக்கு முன்னமே எழும்பிவிட்டார்கள். தேத்தண்ணி ஊற்றின கோப்பைகள் ஊற்றினபடியே இருந்தன. அவற்றைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். குழாயைத் திறந்துவிட்டு, படித்த சனத்தையும் படிக்காத சனத்தையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே கழுவினேன். பாங்கு சொல்லி முடிந்தது.

மகள் வந்தாள். அவளும் வாசலோடு நின்றுவிட்டாள்.

"உம்மா, கோவிக்காம செல்லுங்க. உண்மையிலேயே நீங்க ஒண்டும் கேட்டதில்லையா?"

ஊரில் எத்தனை பேருக்கு வாய் கிழியப் பதில் சொன்னவள் நான். அவளுக்கும் ஒரு "இல்லை" சொல்லியிருக்கலாம். குழாயை மூடினேன். மூடிவிட்டு, அவளோடு சேர்ந்து நானும் காது கொடுத்துக் கேட்டேன்.