கம்பித் தடுப்பில் நின்ற பூசணிக்காய்

பீடோங்கைத் தாண்டி ஒரு மைல் நடந்திருப்பேன். இடது பக்கம் ஜெராய் மலையின் மேல் பாதியை மேகம் மூடியிருந்தது. லோரிகள் கடக்கும்போது எழுந்த காற்று என்னை ரோட்டோரப் புல்லுக்குத் தள்ளியது. தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு துண்டு. எந்த வேலையை விட்டுப் போகும்போதும் இதைவிட அதிகமாக நான் எடுத்துப் போனதில்லை. காலில் ஜப்பான் சிலிப்பர். வேலைக்குக் கொடுத்த ரப்பர் பூட்ஸையும் கைத்தொலைபேசியையும் சுங்கைப் பட்டாணியில், பாலத்துக்கு அடியிலேயே வைத்துவிட்டேன்.

நடந்து போவது எனக்குப் புதிதில்லை. செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இரண்டாம் படிவத்தோடு, பதினான்கு வயதில், பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு கையுறைத் தொழிற்சாலை, கோழிப் பண்ணை, லோரியில் பின்னால் நிற்கும் ஆள், பெண்டாங்கில் இரண்டு அறுவடைக்கு நெல் மூட்டை ஏற்றுவது என்று போய்க்கொண்டே இருந்தேன். எல்லா இடத்தையும் அலுத்துப்போய்த்தான் விட்டேன். இந்த ஒரு வேலையை மட்டும் ஒரு மனிதனால் விட்டேன்.

வேலை இதுதான். ஊரின் லோங்காங் எல்லாம், அதாவது சாக்கடையும் மழைநீர்க் கால்வாய்களும், கடைசியில் ஒரு பெரிய கால்வாயில் சேர்ந்து ஆற்றில் விழும். விழுவதற்கு முன்னால், பாலத்துக்குக் கீழே, கால்வாயின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வரிசையாக நிறுத்தித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் போகும், குப்பை நிற்கும். நிற்கும் குப்பையை நீண்ட முள்கரண்டியால் வாரிக் கரையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலும் டின்னும் ஒரு சாக்கில், மறுசுழற்சிக்கு. மற்றது பெரிய தொட்டியில், குப்பை மேட்டுக்கு. பாலத்துத் தூணில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அளவுப் பலகை உண்டு. தண்ணீர் எந்த நிறத்தில் எத்தனையாவது கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, கைத்தொலைபேசியில் எங்களை மேய்க்கும் மேற்பார்வையாளர் மண்டோருக்கு அனுப்ப வேண்டும். காலையில் ஓர் ஆள், மதியத்துக்கு மேல் ஓர் ஆள்.

மதிய ஆள் நான், காலை ஆள் அவன். என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவன். ஐந்தாம் படிவம் முடித்தவன். மழைக்குக் குடை கொண்டுவருவான், குடையை மறக்காமல் எடுத்தும் போவான். மதியச் சாப்பாட்டை மனைவி மூன்றடுக்கு டப்பாவில் கட்டித் தருவாள். அவன் ஷிப்டு முடியும்போது மிச்சம் இருந்தால் எனக்கு ஓர் அடுக்கை வைத்துவிட்டுப் போவான். அந்த மீன் குழம்பை நான் சாப்பிடாமல் இருந்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டே அவனை வெறுத்தேன்.

நான் அவனைவிட எட்டு மாதம் மூத்த ஆள் அந்தத் தடுப்பில், அவன் வருவதற்கு முன்னால் காலை ஷிப்டும் பார்த்தவன். தண்ணீரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை முற்பகலில் இடது கால்வாயிலிருந்து வெளுத்த தண்ணீர் வரும், அது பால்மரத்து ரப்பர்ப் பால் நாற்றம் அடிக்கும். சாப்பாட்டுக் கடை வரிசையிலிருந்து எண்ணெய் வருவது சாயங்காலம் கடை கழுவும்போது. மழைக்கு முன்னால் கால்வாயில் கரப்பான்கள் சுவர் ஏறும். இதையெல்லாம் முகர்ந்தும் பார்த்தும் நான் கண்டுபிடித்தேன். அவன் தலையாட்டிக் கேட்டு, ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிக்கொண்டான்.

மாதம் இருமுறை ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஒரு மலாய்க்கார அதிகாரி அம்மாள் வருவார். நாங்கள் புவான் என்று கூப்பிடுவோம். பாட்டில்களில் தண்ணீர் பிடிப்பார், ஒரு கருவியை முக்கி எண் பார்ப்பார். ஒரு தடவை வெளுத்த தண்ணீர் எப்போது வருகிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் நோட்டைத் திறந்துவிட்டான். தேதி, மணி, எந்தக் கால்வாய், எவ்வளவு நேரம், எல்லாம் அதில் இருந்தது. அவன் மலாயில் படித்துச் சொல்லச் சொல்ல, அவர் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு வந்தாலே அவனைத்தான் தேடுவார். இது என் கூட்டாளி சொன்னது என்று அவன் இரண்டு தடவை என்னைக் காட்டினான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்ப நோட்டுக்குப் போனார். மூக்கு என்னுடையது, பேர் அவனுக்கு.

இந்த நேரத்தில்தான் மண்டோர் ஒரு செய்தி சொன்னார். எங்கள் குத்தகை வருடக் கடைசியில் முடிகிறது. அதற்குப் பிறகு நகராண்மைக் கழகமே ஒரே ஓர் ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும். சேமநிதி உண்டு, மருத்துவ விடுப்பு உண்டு. எங்கள் இருவரில் ஒருவர். என் வாழ்க்கையில் நிரந்தரம் என்ற சொல்லை என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. அது எனக்கு வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனுக்கு வீடும் மனைவியும் டப்பாவும் இருந்தன, இதையாவது எனக்கு விடட்டும் என்று நினைத்தேன்.

இப்போது பூசணிக்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமாவாசை அன்று நம் ஆட்கள் கடைக்கும் வீட்டுக்கும் புதுக் காருக்கும் பூசணிக்காய் சுற்றுவார்கள். உள்ளே குங்குமம் கொட்டி, எலுமிச்சம்பழத்தோடு பாலத்தின் மேலிருந்து தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். மறுநாள் காலை அது எங்கள் தடுப்பில் வந்து நிற்கும். சிவப்புக் கரைந்த பாதிப் பூசணிக்காய்கள், நாலு, ஐந்து. அதை நாங்கள் தொடமாட்டோம். முள்கரண்டியாலும் தொடமாட்டோம். அடுத்தவன் வீட்டுத் திருஷ்டி, தொட்டவன் மேல் ஏறும். மண்டோரும் தமிழர்தான், அவரும் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுவார். சிவப்பு முழுக்கப் போகும்வரை இரண்டு மூன்று நாள் அப்படியே விடுவதுதான் வழக்கம். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. என்மேல் ஏறி அந்தத் திருஷ்டி எதைக் கெடுக்கப் போகிறது என்று யோசித்திருக்கிறேன். யோசித்தாலும் தொட்டதில்லை.

அவனும் தொடமாட்டான். ஆனால் ஒரு நாள் நான் ஷிப்டுக்குச் சீக்கிரம் வந்தபோது பாலத்தின் மேலிருந்து பார்த்தேன். தடுப்பின் நடுப்பகுதியை ஒரு கைச்சக்கரம் சுற்றித் தூக்கலாம். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் மட்டும் தூக்க வேண்டும் என்பது உத்தரவு. அவன் அதை ஒரு முழம் தூக்கி, பூசணிக்காய்கள் அடியில் நழுவிப் போனதும் இறக்கிவிட்டான். கூடவே பாட்டிலும் பையும் ஆற்றுக்குப் போயின. நான் இறங்கிப் போய் எதுவும் கேட்கவில்லை. சமயம் வரும்போது பயன்படும் என்று மனதில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கும் அவன் வைத்துவிட்டுப் போன குழம்பைச் சாப்பிட்டேன்.

போன அமாவாசைக்கு மறுநாள் மதியம் நான் வேலைக்கு வந்தபோது ஒரு பழைய மெத்தை தடுப்பின் குறுக்கே கிடந்தது. இரண்டு பேர் இழுத்தால் வந்துவிடும், இருந்து உதவுகிறேன் என்றான்.

"நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"மழ வரும் போல இருக்குலா, மச்சான்."

"எனக்கே மழயப் பத்திச் சொல்றியா?"

போய்விட்டான். மெத்தையைப் பிடிக்கக் கிட்டப் போன பிறகுதான் பார்த்தேன். அதன்மேல் மூன்று பாதிப் பூசணிக்காய் மல்லாந்து உட்கார்ந்திருந்தன, மெத்தைத் துணியெல்லாம் சிவப்பு. கையை எடுத்துக்கொண்டேன்.

மழை நாலு மணிக்குப் பிடித்தது. தண்ணீர் பச்சையைத் தாண்டி மஞ்சளுக்கு வந்தது. ஒவ்வொரு கோட்டையும் மண்டோருக்கு ஒழுங்காக அனுப்பினேன். கம்பிகளுக்குப் பின்னால் குப்பை மெத்தையோடு சேர்ந்து சுவர் போல எழும்பியது. கைச்சக்கரம் என் பக்கத்தில் நான்கு அடியில் இருந்தது. இன்னும் சிவப்பு வரவில்லை, உத்தரவு இல்லை. ஆனால் உண்மை அதுவல்ல. தூக்கினால் அவன் செய்ததையே நானும் செய்தவனாவேன், பிறகு அவனைப் பற்றி எதைச் சொல்வது? சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் சிவப்பைத் தொட்டபோது சக்கரம் அசையவில்லை, குப்பையின் கனம் கம்பியை அழுத்திப் பிடித்திருந்தது. கால்வாய் பின்னால் பொங்கி, மேலே கடை வரிசைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் போனது. முடிவெட்டும் கடை, டயர் கடை, ஒரு துணிக்கடை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. துணிக்கடைக்காரர் நனைந்த சேலைகளைக் கைப்பிடிக் கம்பியில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலை புவானும் மண்டோரும் வந்தார்கள். அவனும் அங்கே இருந்தான். மண்டோர் கேட்பதற்கு முன்னாலேயே நான் மலாயில் ஆரம்பித்துவிட்டேன். மெத்தை காலையிலேயே வந்தது, காலை ஆள் எடுக்கவில்லை என்றேன். இவன் உத்தரவில்லாமல் தடுப்பைத் தூக்கிக் குப்பையை ஆற்றில் விடுகிறவன், என் கண்ணால் பார்த்தேன் என்றும் சொன்னேன். நல்ல மலாயில், தடுமாறாமல் சொன்னேன். பல நாள் நடந்துகொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்த்தது.

புவான் அவனிடம் கேட்டார். ஆமாம் என்றான். பூசணிக்காய் எதற்கு வருகிறது, நாங்கள் ஏன் தொடமாட்டோம் என்று விளக்கினான். நோட்டைத் திறந்து, எந்தெந்த அமாவாசைக்கு எத்தனை, எத்தனை தடவை தூக்கினேன் என்று படித்தான். தன் குற்றத்தையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தான். அவர் அவனைக் கண்டித்தார், இனிமேல் தூக்கக் கூடாது என்றார். பிறகு அங்கேயே நின்று யோசித்து, பாலத்துக்கு முன்னால் ஒரு வலை வளையம் மிதக்க விடலாம், இந்தக் காய்கள் அதில் தனியாக நிற்கட்டும், வேறு ஆட்களை வைத்து எடுக்கலாம் என்றார். அதன்பின் என் பக்கம் திரும்பினார். உன் ஷிப்டில் வந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்டார். விட்டுவிடுவேன் என்றேன். அப்படியானால் நேற்று என்ன செய்தாய் என்றார்.

"நேத்து என்னா எழுதியிருக்க? படி" என்றார் மண்டோர் அவனிடம்.

அவன் பக்கத்தைப் புரட்டினான். நான் அவன் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். மெத்தை, இரண்டு ஆள் வேண்டும், மச்சான் தானே எடுப்பதாகச் சொன்னார், பன்னிரண்டே முக்கால் என்று எழுதியிருந்தது. அவன் நோட்டை மூடினான்.

"தண்ணி பச்சையில இருந்துச்சு. அவ்ளோதான், மண்டோரே."

மண்டோர் முட்டாள் இல்லை. அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"நீ நேத்து தண்ணியப் பாத்தியா, இல்ல இவனையே பாத்துக்கிட்டிருந்தியா?"

நிரந்தர வேலைக்கு அவன் பெயர் போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன், பிறகு வேலை செய்திருப்பேன். அவன் நோட்டை மூடியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதிலும் அவனே மேலே நின்றான். அவர்கள் போன பிறகு பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரோடு என்னிடம் வந்தான். நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இதுதான் நான் பீடோங்கைத் தாண்டி நடந்த கதை. ஒரு காய்கறி லோரிக்காரர் பின்னால் ஏற்றிக்கொண்டு குருண் ஊரில் இறக்கிவிட்டார். அன்று ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தேன்.

காலையில் மெயின் ரோட்டோரம் ஒரு பழைய சாமான் கொட்டகை திறந்தது. அட்டைப் பெட்டி, இரும்பு, பிளாஸ்டிக் என்று மலையாகக் குவிந்திருந்தது. அதை நடத்துவது ஒரு தமிழ் அக்கா, ஐம்பது வயது இருக்கும், கையில் உறை போட்டுத் தானே தகரம் பிரித்துக்கொண்டிருந்தார். வேலை கேட்டேன். வேலை இருக்கிறது, ஆனால் முன்பு வந்த ஆள் செம்புக் கம்பியோடு ஓடிவிட்டான், உன்னைத் தெரிந்தவர் யாராவது இருந்தால் நம்பர் கொடு என்றார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்தில் ஒன்றுதான். தினமும் ஷிப்டு மாறும்போது கூப்பிட்ட நம்பர். வேறு வழி தேடிப் பார்த்தேன், இல்லை. சொன்னேன்.

அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தகரத்தைப் பிரித்தார். அவன் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"நல்லா வேல செய்வாரு, அக்கா. கை சுத்தம். கூட்டுக்கு மட்டும் ஆள் போடாதீங்க. தனியா வுடுங்க."

"ஏன், சண்டக்காரரா?"

"இல்லலா. தனியா இருந்தா அவரப் போல ஆள் கெடைக்காது."

பக்கத்தில் இருக்கிறாரா என்று அவன் கேட்டதும் நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். அக்கா போனை வைத்தார். அட்டை அழுத்தும் மெஷின் கொட்டகையின் பின்பக்கம், ஒரு தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதுவரை அதில் இரண்டு பேர் வேலை செய்வது வழக்கமாம். என்னை மட்டும் அங்கே விட்டுவிட்டு அவர் முன்பக்கம் போனார். அட்டைகளை மிதித்துத் தட்டையாக்கி, மெஷினுக்குள் அடுக்கி, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினேன். மத்தியானத்துக்குள் ஏழு கட்டு கட்டினேன். அவன் சொன்னது சரிதான், தனியாக எனக்கு வேலை நன்றாக ஓடியது. ஒவ்வொரு கட்டுக்கும் கம்பி முறுக்கும்போது அதற்காக அவனைத் திட்டினேன்.